கட்டணமா, வரியா? - கலிஃபோர்னியாவின் பச்சைக் கணக்கு

கலிஃபோர்னியாவில் காருக்குப் புது டயர் மாற்றினால், ரசீதில் டயர் ஒன்றுக்கு 1.75 டாலர் தனியாக ஒரு வரியில் அச்சாகியிருக்கும். (தமிழில் 'வரி' என்பதற்கு இரண்டு பொருள் இருப்பது இங்கே ரொம்ப வசதி.) இந்த 1.75 டாலரில் ஒரு டாலர் பழைய டயர்களைக் கையாளும் நிதிக்குப் போகிறது. மிச்சம் 75 காசு காற்று மாசைக் குறைக்கும் நிதிக்கு. கார் பேட்டரி வாங்கினால் இரண்டு டாலர். தொலைக்காட்சி வாங்கினால் அதன் திரையின் அளவைப் பொறுத்து ஒரு தொகை. தண்ணீர் பாட்டிலுக்கு ஐந்து காசு, 24 அவுன்ஸும் அதற்கு மேலும் இருந்தால் பத்து காசு. அமெரிக்காவுக்கு வந்த புதிதில் இதையெல்லாம் விற்பனை வரியின் சில்லறை உறவினர்கள் என்று எண்ணிக் கடந்துபோனேன். மாநில பட்ஜெட்டைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், இவற்றில் எதையும் 'வரி' என்று யாரும் அழைப்பதில்லை, எல்லாமே 'கட்டணம்' என்பது கண்ணில் பட்டது. இந்தப் பெயர் வேறுபாட்டுக்காக உச்சநீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, தேர்தல்கள் நடந்திருக்கின்றன, ஒரு கட்சித் தலைவர் பதவியே இழந்திருக்கிறார்.

காரணம் 1978ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் எண் முன்மொழிவு. வீட்டு வரிக்கு உச்சவரம்பு கட்டிய சட்டம் என்றுதான் நம்மவர்கள் அதை அறிவார்கள். அதே சட்டத்தில் இன்னொரு ஷரத்து உண்டு. மாநில வரி எதை உயர்த்துவதானாலும் சட்டசபையின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கட்டணத்துக்கோ சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு வாசலைப் பூட்டினால் பக்கத்து வாசல் வழியாகப் போவது மனித சுபாவம். சுற்றுச்சூழல் சார்ந்த வசூல்கள் எல்லாம் கட்டணங்களாகவே பிறக்கலாயின.

அந்தப் பக்கத்து வாசல் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது 1997ல், ஒரு பெயிண்ட் கம்பெனியின் வழக்கில். குழந்தைகளின் உடலில் ஈயம் ஏறுவதைக் கண்டறிந்து சிகிச்சை தர 1991ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கான பணம், ஈயம் கலந்த பொருட்களை விற்ற பெயிண்ட், பெட்ரோல் கம்பெனிகளிடமிருந்து வசூலிக்கப்பட்டது. சின்க்ளேர் பெயிண்ட் கம்பெனி, "இது வரி, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில்லாமல் வந்தது, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று வழக்குப் போட்டது. மாநில உச்சநீதிமன்றம் மறுத்தது. தீங்கு செய்த தொழிலே அந்தத் தீங்கைச் சரிசெய்யும் செலவை ஏற்பது ஒழுங்குமுறைக் கட்டணம்தான், வரியல்ல என்றது. எனக்கு இது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. ஆனால் கதவு ஒருமுறை திறந்துவிட்டால் நியாயமானவர்கள் மட்டும்தான் அதில் நுழைவார்கள் என்பதில்லையே.

தொழில்துறை பதிலடி கொடுத்தது 2010 நவம்பரில். அந்தத் தேர்தலில் இரண்டு முன்மொழிவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 23ஆம் எண், மாநிலத்தின் வெப்பமயமாதல் சட்டத்தையே, வேலையின்மை குறையும்வரை கிடப்பில் போடச் சொன்னது. வலேரோ, டெசோரோ ஆகிய எண்ணெய் கம்பெனிகள் அதற்குப் பணம் கொட்டின. அது செய்தித்தாள்களில் பெரும் சண்டையாகி, படுதோல்வி அடைந்தது. 26ஆம் எண்ணைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. மாநிலம் வாங்கும் எந்தத் தொகையும், குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, வரி என்றே கொள்ளப்படும் என்றது அது. விலக்கு என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அது வென்றது. அதாவது ஒரே நாளில், ஒரே ஓட்டுச்சீட்டில், மக்கள் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டு, அதுபோன்ற சட்டங்களுக்குப் பணம் வரும் குழாயைத் திருகி மூடினார்கள்.

சட்டம் பிசகினால் பட்ஜெட்டில் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் புகைக் கட்டணம். 1990ல் வந்த சட்டம் இது. வேறு மாநிலத்தில் வாங்கிய, கலிஃபோர்னியா தரச்சான்று இல்லாத காரை இங்கே கொண்டுவந்து பதிவு செய்தால் 300 டாலர். தொண்ணூறுகளில் ஒஹையோவிலோ டெக்ஸாஸிலோ படித்து முடித்துவிட்டுப் பழைய டொயோட்டாவில் சாமான்களை அடைத்துக்கொண்டு சான் ஹோசே வந்தவர்கள் பலரும் இதைக் கட்டியிருப்பார்கள். அன்றைக்கு அது ஒரு பாதி மாத வாடகைக்குக் கிட்டத்தட்ட வரும் தொகை. 1999ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைப் பாரபட்சமாக நடத்துகிறது, அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. 2000ஆம் ஆண்டில் கவர்னர் கிரே டேவிஸ் காலத்தில் சுமார் 66.5 கோடி டாலரை ஒதுக்கி, கட்டியவர்களுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். டாட் காம் காலம், கஜானா வழிந்துகொண்டிருந்தது, வலிக்கவில்லை. இரண்டு வருடம் தள்ளி அந்தத் தீர்ப்பு வந்திருந்தால் பள்ளிக்கூடச் செலவில்தான் கைவைத்திருக்க வேண்டும்.

இனி பாட்டில் விஷயம். 1986ல் இயற்றிய சட்டம். பானம் வாங்கும்போது வைப்புத்தொகை கட்டுகிறோம், காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணம் திரும்ப வரும். நம்மில் பலர் திருப்பித் தருவதில்லை. அந்தப் பணம் நிதியிலேயே தங்கிவிடும், அதை வைத்து மறுசுழற்சி மையங்களுக்கு மானியம் முதலிய செலவுகள் நடக்கும். நான் படித்தது பொறியியல் என்பதால் இதைப் பார்த்தவுடன் சிரிப்பு வந்தது. திட்டத்தின் நோக்கம் எல்லாப் பாட்டிலும் திரும்பி வரவேண்டும் என்பது. திட்டத்துக்குச் சாப்பாடு திரும்பி வராத பாட்டில். முழு வெற்றி என்றால் முழுப் பட்டினி. ஒரே குமிழைத் திருகி இரண்டு அளவுகளைக் கட்டுப்படுத்த முடியாது என்பது கட்டுப்பாட்டுப் பொறியியலில் முதல் பாடம்.

அதுதான் நடந்தது. நிதியில் பணம் குவிந்திருந்தபோதெல்லாம் மாநிலம் அதைப் பொது நிதிக்குக் 'கடன்' வாங்கியது. பொருளாதார வீழ்ச்சி வந்த 2009ல் பாட்டில்கள் அதிகம் திரும்பி வந்தன, நிதி வறண்டது, கொடுத்த கடன் கைக்கு வரவில்லை, மானியங்கள் வெட்டப்பட்டன. 2010ல் சட்டம் போட்டு ஒருவாறு ஒட்டுப்போட்டார்கள். அப்புறம் அலுமினியம், பிளாஸ்டிக் கழிவுகளின் சந்தை விலை சரிய, மையங்கள் ஒவ்வொன்றாக மூடின. 2019 ஆகஸ்டில் ரீபிளானெட் என்ற கம்பெனி ஒரே நாளில் தன் 284 மையங்களையும் இழுத்து மூடியது. திருப்பித்தர இடமில்லாததால் பாட்டில்கள் திரும்பவில்லை, ஆகவே நிதியில் மறுபடி பணம் சேர்ந்தது! சேவை கெட்டதும் கணக்கு செழித்தது. விடிகாலையில் தள்ளுவண்டியோடு குப்பைத் தொட்டிகளைத் துழாவும் வயதானவர்களை இங்கே எல்லா ஊரிலும் பார்க்கலாம். மையம் மூடியதன் விலையை அவர்கள் நடந்தே கட்டினார்கள், அடுத்த ஊர் வரைக்கும்.

இதுவரை சொன்னது கட்டணம் வாங்கியதில் வந்த கோளாறுகள். போதிய கட்டணம் வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது இதைவிட மோசமான கதை. லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் வெர்னான் என்று ஒரு தொழிற்பேட்டை நகரம். அங்கே பழைய கார் பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. 2000லிருந்து எக்ஸைட் கம்பெனியின் கையில். முப்பது வருடத்துக்கும் மேலாக முழு அனுமதி இல்லாமல் 'இடைக்கால' அனுமதியிலேயே அது ஓடியது. முப்பது வருட இடைக்காலம்! சுற்றிலும் பாயில் ஹைட்ஸ், மேவுட் போன்ற பகுதிகளில் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க உழைப்பாளிக் குடும்பங்கள். கொல்லை மண்ணில் ஈயம், அதில் விளையாடும் குழந்தைகள். 2015ல் மத்திய அரசு வழக்கறிஞர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆலை மூடப்பட்டது. 2016ல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் மண்ணைச் சோதித்துச் சுத்தம் செய்ய 17.66 கோடி டாலர் ஒதுக்கினார். பிறகு அதுவும் போதவில்லை. 2020 அக்டோபரில் டெலவேர் திவால் நீதிமன்றம், கம்பெனி அந்த இடத்தை அப்படியே கைவிட்டுப் போகலாம் என்று அனுமதித்தது.

இதில் பட்ஜெட் எங்கே வருகிறது என்றால், கண்காணிக்க வேண்டிய மாநில நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறை நெடுங்காலம் கட்டண வருமானத்தை நம்பி வாழ்ந்தது. அந்தக் கட்டணங்களோ வேலையின் அளவுக்கு ஏற்ப உயரவில்லை. துறையின் கணக்கு வருடாவருடம் பள்ளத்தில். உயர்த்தவேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. கடைசியில் 2021ல்தான் எஸ்.பி. 158 என்ற சட்டம் கட்டண அமைப்பை மாற்றி, அந்தத் துறையை மேற்பார்க்க ஒரு வாரியத்தையும் அமைத்தது. ஆலை சரியான பிணைத்தொகை கட்டியிருந்தால், துறையில் போதிய ஆய்வாளர்கள் இருந்திருந்தால், இத்தனை கோடி பொது நிதியிலிருந்து போயிருக்காது. இன்று நாம் பேட்டரி வாங்கும்போது கட்டும் இரண்டு டாலர் (2017ல் தொடங்கியபோது ஒரு டாலர்) அதன் எச்சம்தான். ஈயம் உருக்கும் ஆலைகளால் கெட்ட மண்ணைச் சுத்தம் செய்ய அது வசூலிக்கப்படுகிறது. மாசு செய்தவன் கொடுக்காத பணத்தை, பேட்டரி வாங்குபவன் சில்லறையாகக் கொடுக்கிறான். கட்டண உயர்வு என்றாலே 'தொழிலை விரட்டுகிறார்கள்' என்று குரல் எழுப்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் வெர்னானைப் பற்றித்தான் கேட்பது வழக்கம்.

எல்லாவற்றிலும் பெரிய பணம் கரியமில வாயுவில் இருக்கிறது. 2006ல் ஆர்னால்ட் ஷ்வார்ஸநெகர் கையெழுத்திட்ட ஏ.பி. 32 சட்டம், 2020க்குள் வெளியேற்றத்தை 1990ன் அளவுக்குக் கொண்டுவரச் சொன்னது. (நான்கு வருடம் முன்னதாக, 2016லேயே அந்த இலக்கை எட்டினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.) அதற்கான வழிகளில் ஒன்று, வாயு வெளியேற்றும் உரிமைச் சீட்டுகளை ஏலம் விடுவது. முதல் ஏலம் 2012 நவம்பரில். அதற்கு முந்தைய நாள், மாநில வர்த்தக சபை வழக்குப் போட்டது. வாதம் உங்களுக்கு இந்நேரம் மனப்பாடமாகியிருக்கும்: இது வரி, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில்லை.

ஏலப்பணம் கைக்கு வந்த முதல் வருடமே, 2013-14 பட்ஜெட்டில், பிரவுன் அதிலிருந்து 50 கோடி டாலரைப் பொது நிதிக்குக் கடனாக எடுத்தார். பாட்டில் பணத்துக்கு நடந்ததேதான். அடுத்த வருடச் சட்டம் பணத்தைப் பங்கு பிரித்தது. நூற்றில் 25 அதிவேக ரயிலுக்கு, 20 மலிவு வீடுகள் முதலியவற்றுக்கு, 15 பொதுப் போக்குவரத்துக்கு. இவை ஆண்டுதோறும் தாமாகவே போகும். மிச்சம் நாற்பதுக்கு வருடாவருடம் சட்டசபையில் இழுபறி.

2016 மே ஏலத்தில் மாநிலம் சுமார் 50 கோடி டாலர் எதிர்பார்த்தது. வந்தது ஒரு கோடிக்கு அருகில். ஆகஸ்டிலும் அடுத்த பிப்ரவரியிலும் ஏறத்தாழ அதே நிலை. மாசு திடீரென்று குறைந்துவிட்டதா என்றால் இல்லை. சந்தையில் ஏற்கெனவே சீட்டுகள் அதிகம். நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்துவிட்டால் கையிலிருக்கும் சீட்டு வெறும் காகிதம். 2020க்குப் பிறகு திட்டம் உண்டா என்பதும் தெளிவில்லை. அரசின் அடிமட்ட விலையைவிட வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது யார் ஏலத்துக்கு வருவார்? இதைப் பங்குச்சந்தைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு ரயில் பாதை கட்டும் அமைப்புக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வருமானம் இப்படி நூறிலிருந்து இரண்டுக்கு விழுந்தால் ஒப்பந்தக்காரரிடம் என்ன சொல்ல முடியும்?

2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ஏலம் வரியல்ல என்றது. சீட்டு வாங்குவது கம்பெனியின் சொந்த முடிவு, வாங்கியதற்கு விற்கத்தக்க ஒரு பொருள் கிடைக்கிறது, வரி கட்டினால் அப்படி ஏதும் கிடைப்பதில்லை என்பது பெரும்பான்மையின் தர்க்கம். மூன்றாம் நீதிபதி ஒப்பவில்லை. தொழிலை நடத்த வேண்டுமென்றால் வாங்கித்தான் தீரவேண்டும் எனும்போது அது என்ன சொந்த முடிவு என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

ஆனாலும் பிரவுன் நீதிமன்றத்தை நம்பி உட்காரவில்லை. இனி யாரும் 'வரி' என்று வழக்குப் போட முடியாதபடி, திட்டத்தை 2030 வரை நீட்டிக்கும் ஏ.பி. 398ஐ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டிலேயே நிறைவேற்ற முடிவு செய்தார். ஓட்டுக்கு விலை உண்டல்லவா? உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கு விற்பனை வரிச் சலுகை நீட்டிக்கப்பட்டது. அதனால் வரும் இழப்பை ஏலப்பணம் ஈடுகட்டும். கிராமப்புற, மலையடிவார வீடுகளுக்கு 2011ல் விதித்த தீத்தடுப்புக் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டுக்கு 150 டாலர் அளவில், சுமார் 8 லட்சம் வீடுகளிலிருந்து வந்த பணம் அது. அந்த இழப்பையும் ஏலப்பணமே ஈடுகட்டும். எட்டு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். சட்டசபையில் அவர்களுடைய தலைவராக இருந்த சாட் மேயஸ், அடுத்த மாதமே அந்தப் பதவியை இழந்தார். நம் சரித்திரத்தில் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டப்பெயர் உண்டு. தவிர்த்த சுங்கத்தின் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்பினான் என்று பள்ளிப் புத்தகம் சொல்லித் தரவில்லை. பிரவுன் எதைக் கொண்டு நிரப்பினார் என்பது தெளிவாக இருக்கிறது.

இங்கே கவனிக்கவேண்டியது, காட்டோரம் வீடு கட்டுவது ஆபத்தானது என்று விலை மூலமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே மாநிலக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள் என்பது. அடுத்த வருடம் நவம்பரில் பாரடைஸ் என்ற மலையூர் ஏறக்குறைய முழுதாக எரிந்தது, 85 பேர் மாண்டார்கள். 150 டாலர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. கட்டணம் இரண்டு வேலை செய்கிறது: பணம் சேர்ப்பது ஒன்று, செய்தி சொல்வது இன்னொன்று. பட்ஜெட் பேரத்தில் உட்காருபவர்களுக்கு முதலாவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பணத்துக்கு வேறு வழி கிடைத்ததும் செய்தியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

2025ல் இந்தப் படம் மறுபடி ஓடியது. திட்டத்தின் எதிர்காலம் உறுதியாகாத நிலையில் மே மாத ஏலத்தில் சீட்டுகள் முழுதும் விற்கவில்லை. விலை அடிமட்டமான 25.87 டாலரிலேயே நின்றது. அதே சமயம் பொது நிதியில் சுமார் 1,200 கோடி டாலர் துண்டு. என்ன செய்தார்கள்? மாநிலத் தீயணைப்புத் துறைச் செலவில் 100 கோடி டாலரைப் பொது நிதியிலிருந்து எடுத்து ஏலநிதியின் தலையில் வைத்தார்கள். காட்டுத்தீ கரியமில வாயுவை வெளியிடுகிறது, அதை அணைப்பது வாயுக் குறைப்புதானே என்று வாதிடலாம். வாதத்தில் பிழையில்லை. ஆனால் அந்தத் தீயணைப்பு வீரர்கள் ஏற்கெனவே இருந்தவர்கள், அந்தச் சம்பளம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்த சம்பளம். பையை மாற்றியதில் ஒரு தீயும் கூடுதலாக அணையவில்லை. மொத்தப் பொது நிதி சுமார் 22,800 கோடி டாலர், ஏலநிதிக்கு நல்ல வருடத்தில் வருவது 400 கோடி அளவில்தான். பெரிய பைக்கு 100 கோடி ஒரு கீறல். சின்னப் பைக்கு அது நாலில் ஒரு பங்கு.

2025 செப்டம்பர் 19ஆம் தேதி கவர்னர் காவின் நியூசம் கையெழுத்திட்ட இரண்டு சட்டங்கள் திட்டத்தை 2045 வரை நீட்டித்தன, பணத்தைப் பங்கிடும் முறையையும் மாற்றின. பெயரும் மாறியது: முன்பு 'வரம்பும் வணிகமும்', இப்போது 'வரம்பும் முதலீடும்'. 2026-27லிருந்து சதவீதம் கிடையாது, வரிசைதான். முதலில் நான் மேலே சொன்ன தீத்தடுப்புக் கட்டண ஈடு, தொழிற்சாலைச் சலுகை ஈடு முதலியவை. இரண்டாவதாக அதிவேக ரயிலுக்கு 100 கோடி, சட்டசபை தன் விருப்பப்படி செலவிட 100 கோடி. இவற்றுக்குப் போக மிச்சமிருந்தால் மூன்றாவது வரிசை: மலிவு வீடுகளுக்கு 80 கோடி, போக்குவரத்துக்கு 60 கோடி, மாசடைந்த பகுதிகளின் காற்றுக்கு 25 கோடி, காட்டுத்தீத் தடுப்புக்கு 20 கோடி, பாதுகாப்பான குடிநீருக்கு 13 கோடி. ஏலத்தில் பணம் குறைந்தால் இந்த மூன்றாவது வரிசையில் உள்ளவை எல்லாம் ஒரே விகிதத்தில் வெட்டப்படும்.

அந்தக் குடிநீர்ப் பணம் பெருமளவுக்கு மத்தியப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்கானது. உர நைட்ரேட்டும் ஆர்செனிக்கும் கலந்த கிணறுகளை விட்டால் வேறு நீரில்லாத, பழத்தோட்டக் கூலிகளின் ஊர்கள். அந்த ஊர்களை ஒட்டித்தான் அதிவேக ரயிலின் கான்கிரீட் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. தூணுக்குப் பணம் இரண்டாம் வரிசையில், கிணற்றுக்கு மூன்றாம் வரிசையில். ஏலம் வருடத்துக்கு நான்கு முறை நடக்கிறது, முடிவுகளைக் காற்று வள வாரியம் உடனுக்குடன் வெளியிடுகிறது. சீட்டு எவ்வளவு விற்றது, விலை அடிமட்டத்திலிருந்து எவ்வளவு மேலே என்று இரண்டு எண்களைப் பார்த்தால் போதும், அந்த வருடம் துலாரே மாவட்டத்தில் எத்தனை வீடுகள் இன்னும் பாட்டில் தண்ணீரில் சமைக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.